பன்றிக்குட்டி முதுகில் கோடு

மொச்சைக்காய் உரித்துக்கொண்டே சொல்கிறேன். கதை நடுவில் நின்றால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஒரு காட்டில் கோரையன் என்று ஒரு காட்டுப்பன்றி இருந்தது. அதன் பெண்டாட்டி பெயர் சேற்றழகி. இரண்டும் கன்னங்கரேல் என்று இருக்கும். சேற்றழகி முதல் பிரசவத்தில் ஐந்து குட்டி போட்டது. ஐந்தும் பழுப்பு நிறம். அதுமட்டுமா, முதுகில் கழுத்திலிருந்து வால்வரை வெளிறிய கோடு கோடாக இருந்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். குட்டி பிறந்தால் அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து, யார் ஜாடை என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். முயல் வந்து, "மூக்கு அப்பன் மூக்கு" என்றது. மயில் வந்து, "காது அம்மா காது" என்றது. கோடு யாருடையது என்று மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

கோரையன் ஓடைத் தண்ணீரில் தன் முதுகைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

கடைசியாக நரி வந்தது. வெறுங்கையோடு வந்தது, வெறும் வயிற்றோடும் வந்தது. கோரையனை ஓரமாகக் கூப்பிட்டது.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்க வம்சத்தில் யாருக்காவது கோடு உண்டா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லையே."

"இந்தக் காட்டில் கோடு போட்டவர் யாரு? புலிதான். இதுங்க புலிக்குட்டி அண்ணே, எப்படியோ மாறி வந்திருக்கு. வளர்ந்தா முதல் சாப்பாடு நீங்கதான். பேசாம ஆற்றங்கரைப் புதரில் விட்டுட்டு வந்துடுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

கோரையனுக்கு உடம்பு பெரிது. பயம் அதைவிடப் பெரிது. நேராகப் பெண்டாட்டியிடம் போய், "குட்டிகளைப் புதரில் விட்டுடணும்" என்றது. நரியும் பின்னாலேயே வந்து நின்றது.

சேற்றழகி, பால் குடித்துக்கொண்டிருந்த குட்டிகளைக் காலுக்குள் இழுத்துக்கொண்டது.

"மாமா, நீ பிறந்தப்ப எப்படி இருந்தே?"

"இப்படியேதான் இருந்திருப்பேன்."

"பார்த்தியா?"

"என் முதுகை நான் எப்படிப் பார்ப்பேன்?"

"பார்க்காத முதுகுக்கா இவ்வளவு நம்பிக்கை?"

ஆனாலும் கோரையனுக்குப் பயம் போகவில்லை. சேற்றழகி நரியின் பக்கம் திரும்பியது.

"சரி தம்பி. புலிக்குட்டின்னா புலிகிட்டயே கொடுத்துடுவோம், அதுதானே நியாயம். கண்டுபிடிச்சவன் நீ. நீயே முன்னால நட. குகை வாசலில் நின்னு, 'உங்க பிள்ளைங்க இதோ'ன்னு சொல்லு."

நரியின் வால் தொங்கிவிட்டது. "நான் எதுக்கு அண்ணி?"

"வேறு யார் சாட்சி சொல்றது? வர மாட்டேன்னா இங்கேயே உட்காரு. மயிலக்கா போய்ச் சொன்னா புலியே பிள்ளையைத் தேடி வந்துட்டுப் போகுது. மயிலக்கா..."

"இருங்க, இருங்க!" என்று நரி குட்டிகளிடம் குனிந்து பார்த்தது. "அட, இப்பத்தான் கண்ணுக்குச் சரியாத் தெரியுது. புலிக்குக் கோடு குறுக்கே போகும். இதுங்களுக்கு நெடுக்கே போகுதே. இது பன்றிக்குட்டியேதான் அண்ணி. எல்லாப் பன்றிக்குட்டியும் பிறக்கும்போது இப்படித்தான் இருக்கும். வளர்ந்தா கோடு போயிடும். எனக்குத் தெரியாதா? எத்தனை தின்னிருக்..."

சொல்லி முடிப்பதற்குள் வாயை மூடிக்கொண்டது. ஆனால் கோரையன் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்குத்தான் கோரையன் தன் பல்லைச் சரியான வேலைக்கு எடுத்தது. நரி ஆற்றைத் தாண்டி ஓடியும் நிற்கவில்லை.

ஆறேழு மாதத்தில் கோடெல்லாம் மங்கி மறைந்தது. குட்டிகள் அப்பனைப் போலவே கறுத்தன. "நான் அப்பவே சொன்னேன், எல்லாம் என் ஜாடைன்னு" என்று கோரையன் காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது. குட்டிகள் பிழைத்ததே, அது போதும் சேற்றழகிக்கு.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: பிறந்த பிள்ளையைப் பார்த்து ஊரார் சொல்லும் ஜாடையை நம்பிப் பெற்றவர்கள் மனம் மாறக் கூடாது, ஏனென்றால் பெற்றவர்களின் சாயல் எல்லாம் முதல் நாளே தெரிந்துவிடாது, அது பிள்ளை வளர வளரத்தான் ஒவ்வொன்றாக... குழாயில் தண்ணீர் வந்துவிட்டதாம், அத்தை கூப்பிடுகிறார்கள், இதோ வந்துட்டேன் அத்தை, அந்தக் குடத்தை மட்டும்