வெள்ளந்திபுரத்தில் மரம் வளர்த்த கதை

வெள்ளந்திபுரம் பேரூராட்சியைப் பற்றி யார் எது சொன்னாலும் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் நம்ப வேண்டும். நான் சொல்வதில் மட்டும் எதையும் தள்ள வேண்டாம். நான் பக்கத்தில் இருக்கிற சாமர்த்தியபுரத்துக்காரன். எங்கள் ஊரிலும் பொய் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் இப்படி ஒன்றை உட்கார்ந்து யோசித்துச் சொல்கிற அளவுக்கு எங்களில் ஒருவருக்கும் மூளை கிடையாது.

வெள்ளந்திபுரத்தில் பன்னிரண்டு வார்டு, பன்னிரண்டு கவுன்சிலர்கள். அதில் முதல் வார்டு நல்லசிவம்தான் தலைவர். நாலு தேர்தலில் தோற்று, ஐந்தாவதில் ஒரே ஓட்டில் ஜெயித்து, அந்தத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர். சுற்றுகிற நாற்காலி. முதல் வாரம் முழுக்க அதில் சுற்றிச் சுற்றி அவருக்கு மயக்கம் வந்து, டாக்டர் வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவு பிரியம்.

அந்த ஊரில் தீர்மானம் போடாமல் ஒரு துரும்பும் அசையாது. அதையும் பேரூராட்சி அரங்கத்தில் உட்கார்ந்துதான் போட வேண்டும். டீக்கடையில் போட்டால் செல்லாது. ஒருமுறை கூட்டத்துக்கு நடுவே பாம்பு ஒன்று வந்துவிட்டது. பாம்பை விரட்டலாம் என்று ஒருவர் முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிந்து, பாம்பு எந்த வார்டைச் சேர்ந்தது என்று விவாதம் போய்க்கொண்டிருந்தபோது பாம்புக்கே சலித்துப்போய் வெளியே போய்விட்டது. தீர்மானம் நிறைவேறியதாக எழுதிக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட ஊருக்கு மாவட்டத்திலிருந்து ஒரு லாரி வந்தது. லாரியில் நாற்பது மரக்கன்றுகள், ஆறு இரும்புக் கூண்டுகள், ஒரு கடிதம். நல்லசிவம் அரங்கத்தில் எழுந்து நின்று கடிதத்தை வாசித்தார். ஊரின் சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும். நாற்பது கன்றையும் நட வேண்டும். ஆடு கடிக்காதபடி கூண்டு வைக்க வேண்டும். கூண்டுக்குள் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, உரத்துக்கு ஒரு கூடை பச்சைத்தழை போட வேண்டும். கூண்டில் மரத்தின் பெயரையும் நட்ட தேதியையும் எழுதித் தொங்கவிட வேண்டும். மாதம் ஒருமுறை உயரம் அளக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பாதிக் கன்றாவது உயிரோடு இருக்க வேண்டும்.

கடைசி வரியை அவர் இரண்டு தடவை வாசித்தார். பாதி தேறவில்லை என்றால் வெள்ளந்திபுரம் பேரூராட்சியைக் கலைத்து, சாமர்த்தியபுரம் நகராட்சியோடு சேர்த்துவிடுவார்கள்.

"அப்ப என் நாற்காலி?" என்றார் நல்லசிவம்.

"அதையும் சேத்துத்தான் தூக்கிட்டுப் போவாங்க அண்ணாச்சி" என்றார் மூன்றாவது வார்டு ஆவுடையப்பன். ஊரில் அவர்தான் படித்தவர். எட்டாம் வகுப்பை நாலு தடவை படித்தவர். ஆகையால் மற்றவர்களைவிட மூன்று வருஷப் படிப்பு அதிகம்.

கன்றுகளை நட்டுவிட்டார்கள். அதில் ஒரு தப்பும் நடக்கவில்லை. நாற்பது கன்றும் ஊர்ப் பொதுவெளியான மந்தையில் வரிசையாகத் தலைநிமிர்ந்து நின்றன. சிக்கல் கூண்டில்தான் வந்தது.

"கன்னு நாப்பது, கூண்டு ஆறு. ஆறுக்கு மட்டும் கூண்டு வச்சிட்டு முப்பத்துநாலை அம்போன்னு விடுறதா? பாவமில்லியா?" என்று கேட்டார் ஐந்தாவது வார்டு பேச்சியம்மாள். இளகிய மனசு. ஊரில் ஆடு வளர்க்கிற ஒரே ஆளும் அவர்தான்.

ஆவுடையப்பன் கண்ணை மூடி யோசித்தார். "கன்னை யாரு கடிக்கா?"

"ஆடுதான்."

"ஊர்ல ஆடு எத்தனை மதினி?"

"எங்கிட்ட இருக்க ஆறுதான்."

"கூண்டு எத்தனை?"

"ஆறு."

நல்லசிவம் எழுந்துபோய் ஆவுடையப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆடுகளைக் கூண்டுக்குள் வைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. உண்மையைச் சொன்னால், இதுவரைக்கும் எனக்கே அதில் குற்றம் சொல்லத் தெரியவில்லை.

கூண்டு ஒவ்வொன்றும் ஆள் உயரம், நாலு பேர் நெருக்கி நிற்கிற அகலம். அடிப்பக்கம் கிடையாது, மண்மேல் அப்படியே நிற்கும். பக்கத்தில் ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு. சாவியெல்லாம் இசக்கியிடம். இசக்கி பேரூராட்சியில் முப்பது வருஷமாகத் தண்ணீர் திறந்துவிடுகிறவர். சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்யவே மாட்டார். முப்பது வருஷத்தில் அவர்மேல் ஒரு புகார் கிடையாது.

கடிதத்தில் கூண்டுக்குள் ஒரு குடம் தண்ணீர் என்று இருந்தது. இசக்கி தினமும் காலையில் வந்து கூண்டுக்கு ஒரு குடம், ஆட்டின் தலையில் ஊற்றினார். ஆடுகள் கத்தின. பேச்சியம்மாள் பின்னாலேயே துண்டோடு போய்த் துவட்டிவிட்டார். கன்றுகளுக்கு யாரும் ஊற்றவில்லை. அவை கூண்டுக்கு வெளியே இருந்தன.

பெயர்ப்பலகையும் வந்தது. கன்றுகளோடு வந்த பட்டியலைப் பார்த்து முதல் ஆறு பெயரை எழுதித் தொங்கவிட்டார்கள்: வேம்பு, புங்கை, பூவரசு, நாவல், இலுப்பை, மருதம். ஒரு வாரத்தில் ஆடுகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டன. "புங்கைக்கு ஜலதோஷம்" என்று பேச்சியம்மாள் கூட்டத்தில் விசனப்பட்டார்.

அடுத்தது பச்சைத்தழை. தினமும் ஆறு கூடை தழைக்கு எங்கே போவது?

"மந்தையில நாப்பது கன்னு தளதளன்னு நிக்கே. அதுல பறிச்சாப் போச்சி" என்றார் ஆவுடையப்பன்.

இசக்கி பறித்துக் கூடை கூடையாகக் கூண்டுக்குள் போட்டார். ஆடுகள் ஒரு இலை விடாமல் தின்றன. பத்து நாளில் மந்தையில் நாற்பது குச்சிதான் நின்றது. கவுன்சிலர்கள் போய்ப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு திரும்பினார்கள். ஒரு கன்றைக்கூட ஆடு கடிக்கவில்லை என்று பதிவேட்டில் எழுதினார்கள். அதுவும் உண்மைதான். அப்புறம் தழையை வாய்க்கால் கரையிலிருந்து கொண்டுவந்தார்கள்.

உயரம் அளக்கிற அன்று பெரிய சண்டை வந்துவிட்டது. கொம்போடு சேர்த்து அளப்பதா, கொம்பை விட்டுவிட்டா?

"கொம்புங்கிறது கிளை மாதிரி. கிளையை விட்டுட்டு எவனாவது மரத்தை அளப்பானா?" என்றார் ஆவுடையப்பன்.

"அப்ப கொம்பில்லாத மருதம் என்ன பாவம் பண்ணுச்சி? எல்லாத்துக்கும் ஒரே நியாயம் வேணும்" என்றார் பேச்சியம்மாள், கண் கலங்கி.

மத்தியானச் சாப்பாடு ஆறுகிறவரை பேசினார்கள். ஒரு மாதம் கொம்போடு, மறு மாதம் கொம்பில்லாமல் என்று முடிவாயிற்று. அதன்படி இரண்டாவது மாதம் ஐந்து மரங்கள் ஒரு சாண் குள்ளமாகிவிட்டன. காரணம் என்ற இடத்தில் 'வறட்சி' என்று எழுதினார்கள்.

நாலாவது மாதம் புங்கை இரண்டு குட்டி போட்டது. ஊரே பூரித்துப்போனது. ஆறு மாதம் முடிந்ததும் நல்லசிவம் தன் கையாலேயே மாவட்டத்துக்கு அறிக்கை எழுதினார். கூண்டில் வைத்தவை ஆறு. இப்போது உயிருடன் இருப்பவை எட்டு.

மாவட்டத்தில் அதைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். வைத்ததைவிடப் பிழைத்தது அதிகம் என்று எந்த ஊரும் அதுவரை எழுதியதில்லை. சுற்றுச்சூழல் அதிகாரி மதிவதனி போன் செய்தார்.

"சார், நாங்க நாற்பது கன்று கொடுத்திருக்கோம். நீங்க எட்டுன்னு எழுதியிருக்கீங்க. இருபது கன்றாவது உயிரோட இருந்தாத்தான் உங்க பேரூராட்சி தப்பிக்கும். வெள்ளிக்கிழமை நானே வந்து எண்ணப்போறேன். ஒண்ணு குறைஞ்சாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

நல்லசிவம் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டே அவசரக் கூட்டம் போட்டார்.

"இருபதுல எட்டு போக எத்தனைவே?"

ஆவுடையப்பன் எண்ணினார். விரல் போதாமல் பேச்சியம்மாளிடம் இரண்டு விரல் வாங்கிக்கொண்டார். "பன்னெண்டு."

"புங்கை இன்னொரு பன்னெண்டு போடுமா மதினி?"

"வெள்ளிக்கிழமைக்குள்ளயா? அதுக்கே உடம்பு சரியில்ல அண்ணாச்சி."

ஆவுடையப்பன் கண்ணை மூடினார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் கண் திறக்கக் காத்திருந்தார்கள்.

"உயிரோட இருக்கணும். கூண்டுக்குள்ள இருக்கணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"நாம பன்னெண்டு பேரு இருக்கோம். எல்லாரும் உயிரோடதான இருக்கோம்?"

நல்லசிவம் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தார். "என்னப் பொறுத்தவரைக்கும் ஆமா." மற்றவர்களும் ஒருவர் விடாமல் கைவைத்துப் பார்த்து உறுதி சொன்னார்கள். அப்புறம் என்ன, தீர்மானம்தான். வரும் வெள்ளிக்கிழமை கவுன்சிலர்கள் பன்னிரண்டு பேரும் கூண்டுக்குள் நிற்க வேண்டும். அரங்கத்தில் தீர்மானம் போடாமல் ஒரு கூண்டையும் திறக்கக் கூடாது. இசக்கி இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மதிவதனியின் ஜீப் மந்தையில் வந்து நின்றது. இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். வலது பக்கம் நாற்பது குச்சி. இடது பக்கம் ஆறு கூண்டு. கூண்டுக்குள் எட்டு ஆடும் பதினோரு கவுன்சிலர்களும் சொட்டச் சொட்ட நனைந்துபோய் நின்றிருந்தார்கள். இசக்கி அப்போதுதான் தண்ணீர் ஊற்றி முடித்திருந்தார். நல்லசிவம் கம்பிக்கு வெளியே கையை நீட்டி வணக்கம் சொன்னார்.

"இதெல்லாம் என்ன சார்?"

"மரம்மா."

"இது ஆடு!"

"அது பூவரசும்மா. பலகையில போட்டிருக்கு பாருங்க."

"நீங்க ஏன் சார் உள்ள நிக்கிறீங்க?"

"இருபது வேணும்னீங்களே. எண்ணுங்கம்மா, எண்ணிப் பாருங்க" என்று நல்லசிவம் கெஞ்சினார்.

மதிவதனி எதற்காக எண்ணினார் என்று அவருக்கே தெரியாது. விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். "பத்தொன்பது."

நல்லசிவத்தின் முகம் வாடிவிட்டது. "யாருவே வரல?"

"ஒன்பதாவது வார்டு வெயிலுமுத்து, அண்ணாச்சி. மக வளைகாப்புக்குப் போனவரு, பஸ்ஸை விட்டுட்டாராம்" என்று மூன்றாவது கூண்டிலிருந்து ஆவுடையப்பன் சொன்னார்.

நல்லசிவம் அழுதேவிட்டார். வாய்விட்டு, கூச்சமில்லாமல் அழுதார். நாலு தேர்தலில் தோற்றதைச் சொன்னார், ஐந்தாவதில் ஜெயித்த ஒரே ஓட்டைச் சொன்னார், அந்த ஓட்டு அவருடையதுதான் என்பதையும் சொன்னார். பேச்சியம்மாளும் அழுதார். துணைக்கு வேம்பும் கத்தியது. நான் சாமர்த்தியபுரத்துக்காரன், சிரிக்க வேண்டியவன். எனக்கே கேட்டபோது பாவமாகத்தான் இருந்தது.

மதிவதனி பேனாவைத் திறந்து, படிவத்தில் பூஜ்யம் போடுவதற்காகக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து புங்கையின் மூத்த குட்டி கம்பிக்கு நடுவே கழுத்தை நீட்டி, படிவத்தைக் கவ்வி உள்ளே இழுத்துக்கொண்டது.

"ஐயோ, அது அரசாங்கப் படிவம்! கதவைத் திறங்க!"

அரங்கத் தீர்மானம் இல்லாமல் திறக்கக் கூடாது என்றுதான் உத்தரவு. ஆனால் புங்கையின் கதவை இசக்கி அன்று பூட்டவே இல்லை. அதில் வெயிலுமுத்து வருவதாக இருந்தது. மதிவதனி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, குட்டியின் வாயிலிருந்து படிவத்தின் மூலையைப் பிடித்து இழுத்தார். இசக்கி எட்டிப் பார்த்தார். வர வேண்டிய ஆள் வந்தாயிற்று. கதவைச் சாத்திப் பூட்டினார். புது ஆளின் தலையில் ஒரு குடம் தண்ணீரை நிதானமாக ஊற்றினார்.

"இருபது!" என்று ஆவுடையப்பன் கத்தினார்.

"இருபது! இருபது!" என்று ஆறு கூண்டும் குலுங்கின. நல்லசிவம் அழுத கண்ணோடு சிரித்தார். பேச்சியம்மாள் தன் துண்டைக் கம்பி வழியாக நீட்டி, "தலையத் தொவட்டிக்கங்கம்மா, புங்கை மாதிரி ஜலதோஷம் பிடிச்சிரும்" என்றார்.

"கதவைத் திறங்க!" என்றார் மதிவதனி, கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு.

"தீர்மானம் போடாமத் திறக்கப்படாதே" என்றார் இசக்கி.

"போடுங்க தீர்மானத்தை!"

"அரங்கத்துல வச்சித்தாம்மா போட முடியும்" என்றார் நல்லசிவம் பணிவாக. "அரங்கத்துக்குப் போகணும்னா கூண்டைத் திறக்கணும்."

இதற்கும் ஆவுடையப்பன்தான் வழி கண்டுபிடித்தார். கூண்டுக்குத்தான் அடிப்பக்கம் இல்லையே! உள்ளே இருந்தவர்கள் ஆளுக்கொரு கம்பியைப் பிடித்து, "ஐலசா" என்று தூக்கினார்கள். கூண்டுகள் ஒவ்வொன்றாக நடக்க ஆரம்பித்தன. மந்தையைத் தாண்டி, கடைத்தெரு வழியாக, முன்னால் தலைவரும் மருதமும் இருந்த கூண்டு, நடுவில் அதிகாரியும் புங்கையும் இருந்த கூண்டு. கடைக்காரர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். ஒருவர் அதிகாரி கூண்டுக்குள் ஒரு பூமாலையை எறிந்தார். அதைக் குட்டி தின்றுவிட்டது.

அரங்கத்தில் கூட்டம் தொடங்கியது. கூண்டுகளைத் திறக்கலாம் என்று மதிவதனி முன்மொழிந்தார். ஆவுடையப்பன் கம்பிக்குள்ளிருந்து கையை உயர்த்தினார்.

"தலைவர் அவர்களே, ஒரு சந்தேகம். தெறந்துட்டா கூண்டுக்குள்ள எத்தனை இருக்கும்?"

நல்லசிவம் தன் சுழல் நாற்காலியை ஒரு தடவை பார்த்தார். அது இரண்டடி தூரத்தில் பத்திரமாக இருந்தது. "ஒண்ணும் இருக்காது."

"அப்ப?"

பதினோரு கைகள் உயர்ந்தன. திறப்பதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

மதிவதனிக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசி ஆயுதமாக, கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு கத்தினார். "நான் சாயங்காலத்துக்குள்ள திரும்பிப் போகலைன்னா என் மேலதிகாரி என்னைத் தேடிக்கிட்டு இங்க வருவார்! தெரியுமா?"

நல்லசிவத்தின் முகம் மலர்ந்துவிட்டது.

"இசக்கி, இன்னொரு குடம் ரொப்பி வையும்வே. இருபத்தொண்ணு வருது!"