நாய் ஏன் கையை முகர்கிறது

மேகங்கள் ஆடுகளோடு ஆடுகளாக மலைச்சரிவில் மேய்ந்த அந்தக் காலத்தில், எல்லா உயிர்களுக்கும் பேச்சு இருந்தது. அந்தச் சரிவில் காராயி என்பவள் தனியாக ஆடு மேய்த்து வந்தாள். ஒரு நாள் மூடுபனிக்குள்ளிருந்து செவலை நாய் ஒன்று வந்து நின்றது.

"ஆட்டுக்கு நான் காவல் இருக்கேன். என்னைக் கூட வச்சுக்கிறியா, தாயி?"

காராயி கம்பங்களி உருண்டையை நீட்டினாள். நாய் கண்ணை மூடிக்கொண்டு வாங்கித் தின்றது.

ஆனால் அதற்கு எதைப் பார்த்தாலும் அதிசயம். மூங்கில் அசைந்தால் "யாரது?" என்று கத்தும். பனி நகர்ந்தாலும் "யாரது?" ஆடுகள் மிரண்டு சிதறும். ஒரு நாள் சினை ஆடு பாறையில் வழுக்கி விழுந்தது. ஆத்திரத்தில் காராயி மரத்திலிருந்து ஒரு விளார்க் குச்சியை ஒடித்து நாயை விளாசிவிட்டாள்.

"எதுக்கு அடிக்கிறே?" என்றது நாய். அவள் சிதறிய ஆடுகளைத் திரட்டப் போய்விட்டாள்.

அதன்பின் நாய் வாயைத் திறக்கவில்லை. படிந்துவிட்டது என்று மகிழ்ந்து, காராயி களியைக் கூடுதலாகவே வைத்தாள். நாய் தின்றது. கண்கள் மட்டும் அவள் கையை விட்டு அகலவில்லை.

பனி அடர்ந்த ஒரு காலையில் ஓநாய் வந்தது. நாய் பார்த்தது. வாயைத் திறந்தது. காராயியின் கையில் விளார் இருந்தது. வாயை மூடிக்கொண்டது. ஓநாய் ஓர் ஆட்டுக்குட்டியைக் கவ்விக்கொண்டு மறைந்தது.

"பாத்துக்கிட்டுத்தானே நின்னே! ஏன் கூப்பிடலே?" என்று காராயி அலறினாள்.

"கூப்பிட்டா அடிக்கிற கையா, கூப்பிடாட்டா அடிக்கிற கையா, எனக்குத் தெரியலையே தாயி."

அதுதான் நாய் பேசிய கடைசிப் பேச்சு. அது பின்வாங்கிப் பனிக்குள் கரைந்தது.

காராயி விளாரைப் பள்ளத்தில் வீசினாள். ஈரப்புல்லில் உட்கார்ந்து வெறுங்கையை நீட்டினாள்.

"வாடா சாமி. இதைச் செய்யணும், இதைச் செய்யக் கூடாதுன்னு உனக்கு நான் சொல்லியே தரலை. கோபத்துல அடிச்சுட்டேன்."

பனி அவளைச் சுற்றி மெல்ல ஊர்ந்தது. கை கடுத்தது. அவள் கையைத் தாழ்த்தவில்லை.

வெகுநேரம் கழித்து, வயிறு தரையில் உரச நாய் ஊர்ந்து வந்தது. மூக்கை அவள் விரல்களில் வைத்தது. விளாரின் பச்சை வாசனை, களியின் வாசனை, ஆட்டுப்பால் வாசனை. எல்லாவற்றுக்கும் அடியில் அவளுடைய நடுக்கம். பிறகு உள்ளங்கையை நக்கியது.

அந்தக் காலையிலிருந்துதான் நாய் எந்தப் புதுக் கையையும் முதலில் முகர்ந்து பார்க்கிறது. அது முகர்ந்து முடிக்கும்வரை நாமும் கையை அசைக்காமல் காத்திருக்கிறோம்.