அளவு கொடுத்த ஆள்

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி கிடையாது. வெயிலுக்கு ஒரு வெள்ளைத் தொப்பி உண்டு. பெயர் நஸீமா, வயது நாற்பது. பல வருஷம் மாநில அணிக்காக கோல்ஃப் ஆடியவர். இப்போது கோயம்புத்தூருக்கு வெளியே மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு மைதானத்தில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

சீடர் அவரைவிட மூத்தவர். பெயர் மருதாசலம், அறுபதை நெருங்கிக்கொண்டிருப்பவர், பம்ப்செட் கம்பெனி முதலாளி. சீடர் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அவருக்கு எதற்கும் கோபம் வரும்.

அன்று காலை அவர் நடந்து வந்த வேகத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. தோளில் இருந்த புதுப் பையைப் பயிற்சி விரிப்பின் மேல் தொப்பென்று போட்டார். உள்ளே இருந்த மட்டைகள் மோதிக்கொண்டு சத்தம் போட்டன. பின்னால் அவர் மனைவி பூங்கோதை, தன் பழைய பையை இடது தோளில் சுமந்தபடி மெதுவாக வந்தார். வலது முழங்கையில் பட்டை போட்டிருந்தார்.

"மோசடிங்க கோச்," என்றார் மருதாசலம். "பட்டப்பகல் மோசடி."

நஸீமா உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. நின்றபடியே கொட்டித் தீர்த்தார். பெங்களூரில் ஒரு கடை. ஆளின் உயரம், கையின் நீளம், மட்டையை வீசும் வேகம் எல்லாவற்றையும் கேமராவும் கம்ப்யூட்டரும் வைத்து அளந்து, அந்த ஆளுக்கென்றே மட்டை செய்து கொடுப்பார்கள். ஊரில் பாதிப் பேர் அதைப் பற்றியே பேசுகிறார்கள் என்று இவரும் போய் ஒரு நாள் முழுக்க இருந்து அளவு கொடுத்துவிட்டு வந்தார். மட்டைகள் வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து ஒரு பந்துகூட நேராகப் போகவில்லை. எல்லாம் வலது பக்கம் திரும்பி முள்ளுக்காட்டுக்குள் போய் விழுகின்றன. போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி முன்னால் மானம் போய்விட்டது.

வெறும் புகார் என்றால் அவர் தனியாக வந்திருப்பார். மனைவியைக் கூட்டி வந்ததற்குக் காரணம் வேறு.

பூங்கோதை கம்பெனிக் கணக்கையும் வீட்டையும் ஒரே தலையில் சுமந்து பிள்ளைகளைக் கரையேற்றியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கணவருக்குத் துணையாக இந்த மைதானத்துக்கு வந்தார். கொஞ்ச நாளில் கணவர் வராத நாளிலும் தனியாக வர ஆரம்பித்தார். காலையில் இந்தப் புல்லில் நடக்கும் நேரத்தில் மட்டும்தான் அவரை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. அது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது முழங்கை வீங்கிவிட்டது. பிசியோதெரபி பார்க்கும் பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒன்று உங்களுக்குப் பொருந்துகிற மட்டையாக வாங்குங்கள், இல்லையென்றால் ஆட்டத்தை விட்டுவிடுங்கள்.

முந்தைய நாள் சாப்பிடும்போது பூங்கோதை கேட்டிருக்கிறார், எனக்கும் ஒரு செட் அளவெடுத்துச் செய்து தருவீர்களா என்று. எனக்கே அது வேலைக்கு ஆகவில்லை, உனக்கெதற்கு என்றிருக்கிறார் இவர். அப்படியானால் நான் ஆட்டத்தை நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். சண்டை போட்டிருந்தால் மருதாசலம் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

"நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க கோச்," என்றார் இப்போது. "நாம என்ன நாட்டுக்காகவா ஆடப்போறோம்? சும்மா ஆடறவங்களுக்கு இந்த அளவெடுக்கற கூத்தெல்லாம் தேவையா?"

பூங்கோதை பெஞ்சில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நஸீமா புதுப் பையிலிருந்து ஒரு மட்டையை உருவினார். தண்டை இரண்டு கையிலும் பிடித்து லேசாக வளைத்துப் பார்த்தார். அது வளையவில்லை.

"ரொம்ப விறைப்பா இருக்குதே. பலமா வீசறவங்களுக்குச் செய்யறது இது, மெதுவா வீசினா பந்து வலது பக்கம்தான் ஓடும். அளவெடுத்த அன்னைக்கு எப்படி அடிச்சீங்கண்ணா?"

மருதாசலத்தின் முகம் மாறிவிட்டது. கல்யாண விருந்தைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்ல ஆரம்பித்தார். அடிக்க அடிக்கத் திரையில் வேகம் எவ்வளவு என்று எண் வருமாம். கடைப் பையன்கள் சுற்றி நின்று பார்த்தார்களாம். இந்த வயதில் இப்படியா சார் என்று ஒருவன் கேட்டானாம். அவ்வளவுதான், இவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பெல்ட்டையும் ஒரு துளை தளர்த்திவிட்டு, இன்னும் பலமாக அடித்தாராம். எண் ஏறிக்கொண்டே போனதாம்.

"மறுநாள்?"

"மறுநாள் என்ன?"

"இடுப்பு எப்படி இருந்துச்சு?"

மருதாசலம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவர் இன்னும் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிதான். ரூம்லயே படுத்துட்டேன். அதுக்கென்னங்க இப்ப?"

"இங்க வந்து ஒரு தடவையாச்சும் அந்த மாதிரி அடிச்சிருக்கீங்களா?"

"இங்க எதுக்குங்க அப்படி அடிக்கறேன்? இங்க பதினெட்டுக் குழியும் நடக்கணுமல்ல?"

"அவங்க அளவு சரியாத்தாண்ணா எடுத்திருக்காங்க," என்றார் நஸீமா. "அளவு கொடுத்த ஆளுதான் இன்னும் இந்தப் பக்கமே வரல."

அது புரிய மருதாசலத்துக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் காது சிவந்துவிட்டது. கடைக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா என்றார். தன்னைப் பெருமை அடித்துக்கொள்கிற ஆள் என்கிறீர்களா என்றார். நல்லதுக்குக் காலமில்லை என்றார். நஸீமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"கிணத்துக்கு மோட்டார் கேட்டு வர்றவங்ககிட்ட நீங்க முதல்ல என்ன கேப்பீங்க?"

"ஆழம் எவ்வளவு, தண்ணி எப்படி ஊறுதுன்னு கேப்பேன்."

"உண்மையச் சொல்லுவாங்களா?"

அது போதுமாக இருந்தது. மருதாசலத்தின் வயிற்றெரிச்சல் எல்லாம் வெளியே வந்தது.

"எவனுங்க சொல்றான்? பக்கத்துத் தோட்டத்துக்காரன் அஞ்சு எச்.பி. போட்டா இவனுக்கு ஏழரை வேணும். எங்க கிணத்துல தண்ணி வத்தவே வத்தாதும்பான். கொண்டுபோய் மாட்டுவான். போட்ட கொஞ்ச நேரத்துல கிணறு காலி. மோட்டார் வெறும் காத்த இழுத்துக் கருகிப்போகும். அதத் தூக்கிட்டு வந்து என் கடை வாசல்ல போட்டுட்டு, மோசடின்னு..."

அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டார்.

வேறு கதையாக இருந்தால் இங்கேயே முடிந்திருக்கும். சீடர் குனிந்து கும்பிட்டிருப்பார், குரு புன்னகை செய்திருப்பார். மருதாசலமோ காலமெல்லாம் வியாபாரம் செய்தவர். தோற்றாலும் அதில் தனக்கு ஏதாவது ஆதாயம் இருக்கிறதா என்று பார்க்காமல் விடமாட்டார்.

"அதையேதானுங்க நானும் சொல்றேன்," என்றார் தெம்பாக. "நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அளவே ஒரு நிலைல நிக்கறதில்ல. இன்னைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி. இதுல அளவெடுத்து என்ன பண்றது? கேட்டுக்கிட்டயா கோதை? கோச்சே சொல்லிட்டாங்க."

"கேட்டேனுங்க," என்றார் பூங்கோதை. எழுந்து தன் பையை எடுக்கக் குனிந்தார்.

நஸீமாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இன்னும் தாழ்ந்துவிடும். அவரிடம் படித்தவர்களுக்கெல்லாம் அது தெரியும். பையின் மேல் கை வைத்து, "இருங்கக்கா," என்றார். அதிலிருந்து ஒரு மட்டையை எடுத்துப் பிடியின் பக்கமாகப் பார்த்தார்.

"இத யாரு அறுத்தது?"

"நான்தானுங்க," என்றார் மருதாசலம். அதில் அவருக்குப் பெருமைதான். "என்னோட பழைய செட்டு. நம்ம பட்டறையிலயே வெச்சு அறுத்துக் குடுத்தேன், அவ உயரத்துக்கு."

"அக்கா உயரத்த அளந்தீங்களா?"

"அதெதுக்குங்க அளக்கணும்? என் தோள் வரைக்கும் வருவா."

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தனக்கென்றால் கேமரா, கம்ப்யூட்டர், ஒரு நாள் முழுக்கப் பெங்களூர். கூடவே வாழ்ந்தவளுக்கு என் தோள் வரைக்கும் வருவாள் என்பதுதான் அளவு. மனிதர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

"ஆறடி ஆளுக்குச் செஞ்சத அறுத்தா அது அஞ்சடி ஆளுக்குச் செஞ்சதா ஆயிடாதுண்ணா," என்றார் நஸீமா. "நீளத்தக் கொறச்சீங்க. விறைப்பு இன்னும் ஏறிப்போச்சு. பந்துல படற ஒவ்வொரு தடவையும் அந்த அதிர்ச்சி எங்க போகும்னு நெனைக்கறீங்க?"

மருதாசலம் முதல் தடவையாக அந்த முழங்கைப் பட்டையைப் பார்த்தார்.

நஸீமா விடவில்லை. அக்கா சேர்ந்த புதிதிலேயே இந்த மட்டை பொருந்தாது என்று சொன்னேன், அவள் சும்மா நடக்கத்தான் வருகிறாள், இது போதும் என்றீர்கள் என்றார். அப்புறம் பந்து போகவில்லை என்றதும் அவளுக்குக் கை வரவில்லை என்றீர்கள். கூட ஆடுகிறவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். இப்போது அக்காவே அப்படிச் சொல்லிக்கொள்கிறார். இரண்டு வருஷமாக ஒருத்தருக்கும் மட்டையின் மேல் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டார்.

பதிலுக்குக் காத்திருக்காமல் தன் அறைக்குப் போய் வேறொரு மட்டையைக் கொண்டுவந்தார். தண்டு மெலிதாக, எடை குறைவாக, வீசினால் கொஞ்சம் வளைந்து கொடுக்கிற மாதிரி இருந்தது. இதுவும் உங்களுக்கென்று செய்ததில்லை, ஆனால் கிட்டத்தட்ட வரும் என்று சொல்லிப் பூங்கோதையிடம் கொடுத்தார்.

பூங்கோதை பந்தின் முன்னால் நின்றார். உடனே மருதாசலம் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"தலையத் தூக்காத. இடது கைய மடக்காத. இன்னும் கொஞ்சம் திரும்பு. ம், வேகமா."

பூங்கோதையின் தோள்கள் காதுவரை ஏறிவிட்டன. மட்டை பந்துக்குப் பின்னால் தரையில் இடித்தது. பந்து நாலடி உருண்டு நின்றது. அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா," என்றார் மருதாசலம்.

அப்போது அவர் போன் அடித்தது. கம்பெனியிலிருந்து. ஏதோ வார்ப்பு சரியாக வரவில்லையாம். அவர் யாரையோ திட்டிக்கொண்டே கார் நிற்கும் பக்கமாக நடந்தார்.

நஸீமா இன்னொரு பந்தை எடுத்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

பூங்கோதை சும்மா இரண்டு தடவை வீசிப் பார்த்தார். மூச்சு விட்டார். தோள்கள் இறங்கின. அடித்தார்.

சரியாகப் பட்ட பந்துக்கு ஒரு சத்தம் உண்டு. இந்த ஆட்டம் ஆடியவர்களுக்கு அது முதுகுக்குப் பின்னால் கேட்டாலும் தெரியும். மருதாசலம் திட்டிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினார். பந்து உயரே போய், மைதானத்தின் நடுவில் இறங்கிக்கொண்டிருந்தது. அதிக தூரம் ஒன்றும் இல்லை. ஆனால் நேராகப் போயிருந்தது.

"யாரு அடிச்சது?"

"அக்காதான்."

பூங்கோதை முழங்கையை மடக்கி, நீட்டி, மறுபடியும் மடக்கிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"வலிக்கலீங்க," என்றார். அதைக் கணவரிடம் சொல்லவில்லை. நஸீமாவிடம்தான் சொன்னார்.

மருதாசலம் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பந்து கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே விரிப்புப் பக்கம் திரும்பி வந்தார். முரடர்தான், ஆனால் கல் இல்லை. பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"சரிங்க. என் தப்புத்தான். நாளைக்கே வண்டிய எடுக்கறேன். நானே பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போறேன். அந்தக் கடைப் பசங்கள எனக்கு நல்லாத் தெரியும். பக்கத்துலயே நின்னு ஒவ்வொண்ணா நான் சொல்லிக் குடுத்து, இந்தத் தடவ சரியான அளவா குடுக்க வெக்கறேன். இப்பவாச்சும் நேராச் சொல்லுங்க கோச். எங்கள மாதிரி சும்மா ஆடறவங்களுக்கு அளவெடுத்துச் செய்யறது தேவைதானா?"

"தேவைதாண்ணா," என்றார் நஸீமா. "அக்கா தனியாப் போயிட்டு வரட்டும்."