கரையை உடைக்கப் பந்தயம் கட்டிய பெருச்சாளி

கோரைக்குளத்தின் காவல் செம்பி என்ற நீர்நாயிடம் இருந்தது. அங்கே பந்தயம் கட்டக் கூடாது என்பது குளத்துச் சட்டம். தோற்றவனின் குட்டிகள் பசியோடு கிடப்பதைச் செம்பி ஒருமுறை பார்த்திருந்தது.

ஒருநாள் ஒரு நரி வந்து வேலமரத்தடியில் கடை போட்டது.

"அமாவாசைக்குள் மழை வருமா, வராதா? ஒரு கொட்டை வையுங்கள்! சொன்னது பலித்தால் இரண்டு!"

செம்பி ஓடிவந்தது. "இங்கே சூதாட்டம் கூடாது! கிளம்பு!"

"சூதாட்டமா? இது கணிப்பு வியாபாரம் அம்மா!" நரி ஓர் ஓலையை நீட்டியது. அதில் சிங்கராஜாவின் பாதம் பதிந்திருந்தது. "காடு முழுவதும் இதற்கு ஒரே சட்டம். ராஜாவின் சட்டம்! உங்கள் குளத்துச் சட்டம் என்னிடம் செல்லாது!"

செம்பி ஓலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிப் போனது.

அமாவாசை கடந்தும் மழை வரவில்லை. 'வரும்' என்று பந்தயம் கட்டிய அணில் சேர்த்து வைத்த கொட்டையெல்லாம் நரியிடம் போயிற்று. "தடுத்திருக்கக் கூடாதா, அக்கா?" என்று அணில் அழுதது.

அடுத்து நரி புதிய பந்தயம் வைத்தது. "வரப்போகிற மழையில் குளத்துக்கரை உடையுமா, உடையாதா?"

பெருச்சாளி தன் தானியம் அத்தனையையும் 'உடையும்' என்று வைத்தது. மறுநாளே கரையடியில் பறபறவென்று தோண்டத் தொடங்கியது.

"அடப் பாவி! என்ன செய்கிறாய்?"

"என் கணிப்பைப் பலிக்க வைக்கிறேன்!"

செம்பி அதன் வாலைப் பிடித்து இழுத்தது. நரி குறுக்கே பாய்ந்தது. "விடு! இவன் ராஜாவின் வியாபாரத்தில் சேர்ந்தவன். இவனைத் தொட நீ யார்?"

மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. கரைக்குக் கீழே முயல்களின் வளைகள். சிங்கராஜாவிடம் முறையிடச் செம்பி மூச்சு வாங்க மலைக்கு ஓடியது.

"குளத்துக்குக் குளம் ஒரு சட்டம் இருந்தால், காடு கடந்து வியாபாரம் செய்பவன் என்ன செய்வான்?" என்றது சிங்கம். "அதனால்தான் ஒரே சட்டம் போட்டேன்."

"நியாயம்தான், ராஜா. ஆனால் என் கையைக் கட்டிவிட்டீர்கள். உங்கள் கண்ணோ அவ்வளவு தூரம் எட்டவில்லை. இப்போது எங்கள் கரையை யார் காப்பது?"

சிங்கம் தலை குனிந்தது. "அதை நான் யோசிக்கவில்லையே! வா, போகலாம்!"

அவர்கள் வந்தபோது மழை கொட்டியது. கரை கசிந்து, இரண்டு வளைகளில் வெள்ளம் புகுந்திருந்தது. செம்பி முங்கி முங்கி முயல்குட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டது. மற்றவர்கள் மண்ணும் கோரையும் கொண்டுவந்து ஓட்டையை அடைத்தார்கள். சிங்கமே தன் முதுகைக் கொடுத்து நீரைத் தாங்கியது. கரை நின்றது.

நனைந்த பிடரியோடு சிங்கம் நரியைப் பார்த்தது. "அணிலின் கொட்டையைத் திருப்பிக் கொடு! பெருச்சாளி தோண்டிய இடத்தை நீங்கள் இருவரும் கெட்டிப்படுத்துங்கள்!"

பிறகு செம்பியிடம் திரும்பியது. "ஒரே சட்டம் இருக்கட்டும். ஆனால் உன் குளத்துக்குக் கேடு வந்தால் என்னைக் கேட்டுக்கொண்டு நிற்காதே. தடுத்து நிறுத்து!"

செம்பி குளிரில் நடுங்கிய முயல்குட்டிகளைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டது.

காவல் காக்கும் உரிமையைப் பிறரிடமிருந்து எடுத்துக்கொள்பவர், காக்கும் பொறுப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.