மூன்று பக்கக் கடிதம்

கோவில்பட்டித் தட்டச்சுப் பயிலகத்தில் வைத்தியலிங்கம் சார் வணிகக் கடிதம் சொல்லிக்கொடுக்கிறார் என்றால் காகிதக் கடைக்காரருக்குக் கொண்டாட்டம். ரிப்பேரான மின்விசிறிக்காகக் கம்பெனிக்கு எழுதினாலும் அவருக்கு மூன்று பக்கம் வேண்டும். அதில் இரண்டு பக்கம் வெறும் புகழ்ச்சி.

"நாலு வரி போதாதா சார்?" என்று கேட்டாள் மாணவி குணவதி.

"மூணு பக்கம் இல்லேன்னா உனக்குச் சான்றிதழே கிடையாதும்மா."

மறுநாள் மூன்று பக்கம் அடித்து நீட்டினாள். சார் முதல் பக்கத்துக்குத் தலையாட்டினார், இரண்டாவதில் கொட்டாவி விட்டார், மூன்றாவதைப் புரட்டி அடியில் கையெழுத்துப் போட்டார். "இதுதான் கடிதம்! எல்லாரும் பாத்துக்கோங்க."

"கடைசிப் பத்தியை நீங்களே வாசிச்சுக் காட்டுங்க சார்."

சார் தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்க வாசித்தார்: "இந்த இடம் வரைக்கும் யாரும் படித்து வந்திருக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். இனி இந்தப் பயிலகத்தில் எந்தக் கடிதமும் அரைப் பக்கத்தைத் தாண்டாது. ஆசிரியரின் சம்மதக் கையெழுத்து கீழே."

கீழே இருந்தது. மைகூடக் காயவில்லை.

வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டது. குணவதி பசைப் புட்டியைத் திறந்தாள்.

"இந்தப் பத்தியை மட்டும் வெட்டி போர்டுல ஒட்டிடவா சார்? மொத்தத்தையும் ஒட்டினா யாரும் படிக்க மாட்டாங்க."