கோன்ஃபித்தேரியா வந்த வழி

ஸ்பெயின் நாட்டில் ஒரு மலையூர். அங்கே மிட்டாய் செய்வதில் எல்விரா பெரிய கெட்டிக்காரி. வயது முப்பத்திரண்டு. அவளிடம் தொழில் கற்க வந்த பல்தசாருக்கோ ஐம்பத்தாறு. இலத்தீன் வாத்தியார் வேலையை உதறிவிட்டு வந்த மனுஷர். சொந்த ஊரில் மிட்டாய்க்கடை போட்டே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். 'கோன்ஃபித்தேரியா' என்று பலகைகூட எழுதியாயிற்று.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை அவர் ஊர்த் திருவிழா. அன்றைக்கே திறப்பு. ஆனால் எல்விரா சரியென்றால்தான் திறப்பேன் என்று அவரே வாக்குக் கொடுத்திருந்தார்.

"சோம்பு மிட்டாய் செய்து காட்டுங்க" என்றாள் அவள்.

சோம்பைச் சட்டியில் போட்டு, ஆட்டிக்கொண்டே ஒரு கரண்டி சீனிப்பாகு விட வேண்டும். காய்ந்தபின் அடுத்த கரண்டி. இப்படி முப்பது பூச்சு, பன்னிரண்டு நாள். தோள் கழன்று போகும். மனுஷர் விடவில்லையே!

கடைசி நாள் தட்டு நிறைய வெள்ளை வெளேரென்று மிட்டாய். பல்தசாருக்குத் தலைகால் புரியவில்லை.

"கடைப் பேர் எங்கிருந்து வந்தது தெரியுமா அம்மா?"

"சொல்லுங்க வாத்தியாரே."

"இந்த மிட்டாய் கோன்ஃபித்தே. விக்கிற இடம் கோன்ஃபித்தேரியா. கத்தலான் மொழி வழியா வந்த பேர். வேர் இலத்தீன்ல இருக்கு. 'முழுக்கச் செய்து முடிச்சது'ன்னு அர்த்தம்."

எல்விரா ஒரு மிட்டாயைக் கத்தியால் பிளந்து நீட்டினாள்.

"முகர்ந்து பாருங்க."

உள்ளே சோம்பு ஈரமாய்க் கறுத்திருந்தது. பூஞ்சை வாடை. பல்தசார் முகம் செத்துப்போயிற்று.

"முதல் பாகு காயறதுக்குள்ள அடுத்ததை விட்டுட்டேன். மேல இத்தனை பூச்சு வருதே, மூடிக்கும்னு நினைச்சேன்."

"மூடித்தான் இருக்கு."

"வெளியே யாருக்கும் தெரியாதே அம்மா?"

"தெரியாது. கடை உங்களோடது."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது அவருக்கு. யார்மேல் என்று புரிந்ததும் கண் கலங்கியது. விருட்டென்று தட்டைத் தூக்கினார். அத்தனையையும் கொல்லையில் பன்றிக்குத் தீனி வைக்கும் தொட்டியில் கொட்டினார். சட்டியைத் துடைத்துப் புதுச் சோம்பு போட்டு ஒரு கரண்டி பாகு விட்டார்.

"திருவிழா போனா போகட்டும். பன்னிரண்டு நாள் கழிச்சாவது இது முழுசா முடியுமா?"

எல்விரா சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இப்போ விட்டீங்களே, அது காயட்டும். காய்ஞ்சா அந்தப் பூச்சு முழுசா முடிஞ்சுது வாத்தியாரே. ஒவ்வொண்ணும் அப்படித்தான்."

பல்தசார் சட்டியை ஆட்டத் தொடங்கினார்.