வரிசையில் கடைசி ஆள்

தென்காசிப் பக்கம் கோணக்குளம் என்று ஓர் ஊர். அங்கே ஆவுடையப்பன், பிரம்மநாயகம், சொரிமுத்து என்று மூன்று பேர் கூட்டாக ஹார்டுவேர் கடை வைத்திருந்தார்கள். வீட்டில் எத்தனை குழாய் இருக்கிறதோ அத்தனை மோட்டார் வேண்டும் என்று மூவரும் மனதார நம்பினார்கள். வாங்க வந்தவர்களும் கோணக்குளத்துக்காரர்கள்தானே, அவர்களும் நம்பினார்கள். மாவட்டத்திலேயே அதிகம் மோட்டார் விற்ற கடை இதுதான் என்று கண்டுபிடித்த கம்பெனி, மூவரையும் ஜப்பானுக்குச் சுற்றுலா அனுப்பி வைத்தது.

ஊரே சந்தோஷப்பட்டது. ஆவுடையப்பன் மட்டும் கவலைப்பட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாங்கி வந்த எதுவும் மனைவி உலகம்மாளுக்குப் பிடித்ததில்லை. சேலை எடுத்து வந்தால் "இது சாயம் போயிரும்" என்பாள். சாயம் போகாத சேலையாக எடுத்து வந்தால் "இந்தச் சாயமா போகாம இருக்கணும்?" என்பாள். இந்த ஒரு தடவையாவது அவள் முகம் மலர்ந்து பார்த்துவிட வேண்டும் என்று மனுஷனுக்கு ஆசை.

புறப்படும்போது உலகம்மாள் ஓர் எவர்சில்வர் தூக்குச்சட்டி நிறைய முந்திரிக்கொத்து போட்டுக் கொடுத்தாள். பாசிப்பயறையும் வெல்லத்தையும் உருட்டி, மாவில் முக்கிப் பொரித்த உருண்டை. சட்டி அவள் அம்மா சீராகக் கொடுத்தது. மேலே "உலகம்மாள்" என்று பேர் வெட்டி, கீழே கல்யாணத் தேதியும் வெட்டியிருந்தது.

"பசிச்சா மட்டும் சாப்பிடுங்க. சட்டியைக் கண்ணை விட்டு அகல விடாதீங்க. எங்கம்மா குடுத்தது. அது தொலைஞ்சா நீங்க இந்த வாசப்படி மிதிக்க வேண்டாம்."

"சரி."

"எனக்கு ஏதாவது வாங்கிட்டு வாங்க. வெளியூர்க்காரன் தலையில கட்டுறதுக்குன்னு கொஞ்சம் அடுக்கி வச்சிருப்பான், அது வேண்டாம். அந்த ஊர்க்காரங்க ஆசைப்பட்டு வாங்குற சாமானா இருக்கணும். விலை கம்மியா இருக்கணும். நம்ம தெருவுல வேற எவகிட்டயும் இருக்கக் கூடாது."

விமானத்தில் எல்லாரும் தூங்கினார்கள். ஆவுடையப்பன் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே வந்தார். கண் எரிந்தபோது, சொரிமுத்துவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஒரு தடவை இமைத்தார். பசிப்பதற்கு முன்பே எல்லா இடத்திலும் சோறு போட்டுவிட்டதால் முந்திரிக்கொத்து தொடாமல் அப்படியே இருந்தது.

ஒசாகாவில் ஒரு மத்தியானம் கடைத்தெரு பார்க்க விட்டார்கள். கூட்டிக்கொண்டு வந்த கைடு, மஞ்சரி என்று சென்னைப் பெண். நல்ல பெண். அவள் செய்த ஒரே தப்பு, இவர்களிடம் யோசனை சொன்னதுதான்.

"அங்கிள், மலிவா நல்ல பொருள் வேணும்னா, இந்த ஊர்க்காரங்க எங்க வரிசையில நிக்கிறாங்கன்னு பாருங்க. நீங்களும் போய் நின்னுடுங்க. அவங்க குனிஞ்சா நீங்களும் நல்லா குனியணும். எது குடுத்தாலும் ரெண்டு கையால வாங்கிக்கோங்க. ரொம்ப மரியாதை தெரிஞ்சவங்க. யார்கிட்ட என்ன வாங்கினாலும் பதிலுக்கு ஒண்ணு குடுக்காம விடமாட்டாங்க."

"பாஷை தெரியாதேம்மா" என்றார் பிரம்மநாயகம்.

"தமிழுக்கும் இவங்க பாஷைக்கும் சொந்தம் உண்டுன்னு சில பேர் சொல்லுவாங்க அங்கிள். காது குடுத்துக் கேட்டா புரிஞ்சாலும் புரியும்" என்று சிரித்துவிட்டு, சாயங்காலம் பஸ்ஸுக்கு வந்துவிடச் சொல்லிப் போனாள்.

முதல் வரிசை சாலையோரத்திலேயே கிடைத்தது. பத்துப் பதினைந்து பேர் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். மூவரும் பின்னால் போய் நின்றார்கள். எதிரே பச்சை விளக்கு எரிந்ததும் எல்லாரும் சாலையைக் கடந்து கலைந்து போய்விட்டார்கள்.

"கடையை அந்தப் பக்கம் மாத்திட்டான் போலுக்கு" என்றார் பிரம்மநாயகம். அந்தப் பக்கமும் ஒரு கூட்டம் நின்றது. அதோடு சேர்ந்து நின்றார்கள். அது இந்தப் பக்கம் வந்து கலைந்தது. இப்படிப் போய் வந்து, போய் வந்து ஆவுடையப்பனுக்கு மூச்சு வாங்கியது. வேறு எதுவும் வாங்க முடியவில்லை.

அடுத்த வரிசை ரயில் நிலையத்துக்குள் ஒரு கதவுக்கு முன்னால். இங்கே யாரும் கலையவில்லை. ஒவ்வொருவராக உள்ளே போய், முகத்தில் ஒரு நிம்மதியோடு வெளியே வந்தார்கள். நல்ல சரக்காகத்தான் இருக்க வேண்டும் என்று மூவருக்கும் தோன்றியது. முதலில் சொரிமுத்து போய்விட்டு வந்தார்.

"என்ன வே வாங்கினீரு?"

"வாங்கல. குடுத்துட்டு வாரேன்."

"எவ்வளவு கேட்டான்?"

"இனாம்."

பிரம்மநாயகம் யோசித்தார். "மலிவுதான். ஆனா ஊருக்கு எடுத்துட்டுப் போக முடியாது" என்று தீர்ப்புச் சொன்னார்.

மூன்றாவதாகத்தான் அசல் வரிசை அகப்பட்டது. கூரை போட்ட கடைவீதியில், மாவு உருண்டைக்குள் ஆக்டோபஸ் துண்டு வைத்துச் சுட்டுக் கொடுக்கிற ஒரு கடை. அதன் முன்னால் அனுமார் வால் போல ஜனங்கள். மூவரும் வாலில் போய்ச் சேர்ந்ததும், கடைசியாக நின்ற பெண்மணி திரும்பிப் பார்த்துக் குனிந்து, கையிலிருந்த கம்பு வைத்த அட்டையை இரண்டு கையாலும் சொரிமுத்துவிடம் நீட்டினாள். சொரிமுத்துவும் குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"வரிசையின் கடைசி இதுதான்" என்று அதில் ஜப்பான் எழுத்தில் எழுதியிருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு எங்கே நிற்பது என்று தெரிய வேண்டுமே, அதற்காகக் கடைசி ஆள் பிடித்துக்கொண்டு நிற்பது. அடுத்தவர் வந்ததும் அவரிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த ஊரில் இதெல்லாம் எழுதி வைத்தால் நடக்கிறது.

ஆவுடையப்பனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஊர்க்காரி தானே ஆசையாகக் கையில் வைத்திருந்த சாமான். இனாம். கோணக்குளத்தில் எவளிடமும் கிடையாது. உலகம்மாள் கேட்ட மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வந்துவிட்டது.

"வாங்கியாச்சு, வாரும்" என்று அட்டையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி நண்பர்களோடு நடையைக் கட்டினார்.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், அட்டைக்குப் பின்னால் ஆறேழு பேர் ஒழுங்காக வந்துகொண்டிருந்தார்கள். மூவரும் வேகமாக நடந்தார்கள், அவர்களும் வேகமாக வந்தார்கள். ஒரு சந்தில் திரும்பினார்கள், அவர்களும் திரும்பினார்கள். சந்து ஒரு மூடிய கடையின் ஷட்டரில் முடிந்தது. போக வழியில்லாமல் மூவரும் நின்றார்கள். பின்னால் வரிசையும் நின்றது. வரிசையைப் பார்த்து, இங்கே ஏதோ விசேஷம் என்று இன்னும் பல பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். சீக்கிரமே அது சந்தைத் தாண்டிக் கடைவீதிக்குள் வளைந்து போயிற்று.

"இவ்வளவு பேரு எதுக்கு வே நம்ம பின்னால நிக்காவ?" என்றார் சொரிமுத்து.

பிரம்மநாயகம் கண்ணை மூடி யோசித்தார். "வரிசைன்னு இருந்தா அதுக்குத் தலைமாட்டுல என்ன இருக்கும்?"

"கடை இருக்கும்."

"இதுக்குத் தலைமாட்டுல யாரு இருக்கா?"

"நாமதான்."

"அப்ப கடை எது?"

சொரிமுத்து ஷட்டரைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். "நாமதானா?" என்றார் மெதுவாக.

"நாமதான். வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பினா கோணக்குளத்துக்குத்தான் கெட்ட பேரு."

அந்த நேரம் பார்த்துப் பின்னால் நின்ற ஒருவர் குனிந்து, சொரிமுத்துவின் கையிலிருந்த அட்டையைக் காட்டி ஏதோ கேட்டார். சொரிமுத்து பதிலுக்குக் குனிந்து, மரியாதையாக அதை இரண்டு கையாலும் கொடுத்துவிட்டார். அட்டை கை மாறிக் கை மாறிப் பின்னால் போய், சந்து முனை திரும்பி மறைந்தது.

ஆவுடையப்பன் பார்த்தார். போவது அட்டை இல்லை, உலகம்மாளின் மலர்ந்த முகம். தூக்குச்சட்டியைப் பிரம்மநாயகத்தின் கையில் திணித்தார். "இதைக் கண்ணை விட்டு அகல விடாதேயும்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அட்டையைப் பிடிப்பது அவர் நினைத்தது போலக் கஷ்டமாக இல்லை. வரிசையின் வாலில் போய் நின்றதுமே, அங்கே நின்ற ஆள் குனிந்து அதை அவர் கையில் கொடுத்துவிட்டான். மறுபடி எவனும் வந்து கேட்டுவிடக் கூடாது என்று ஆவுடையப்பன் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். அட்டை கண்ணில் படாததால் அவருக்குப் பின்னால் யாரும் வந்து நிற்கவில்லை.

அப்படியே திரும்பியிருக்கலாம். ஆனால் முன்னால் பார்த்தால், எத்தனை பெரிய வரிசை! அத்தனையும் உள்ளூர்க்காரர்கள். வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் கையில் பழுப்பாக ஓர் உருண்டை. கடித்துப் பார்த்து, புருவத்தை உயர்த்தி, ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டு போனார்கள். 'பலகாரம்னா இப்படி இருக்கணும். நம்ம வீட்டு முந்திரிக்கொத்தும் இருக்கே' என்று இளக்காரமாக நினைத்துக்கொண்டு ஆவுடையப்பன் வரிசையிலேயே நின்றார். நண்பர்கள் ஞாபகமும் வந்தது. பாவம், இந்த நல்ல வரிசை தெரியாமல் எங்கே நிற்கிறார்களோ என்று இரக்கப்பட்டார்.

அவர் முறை வந்தது. கடைக்காரர்கள் இரண்டு பேரும் இடுப்பு ஒடியக் குனிந்தார்கள். ஆவுடையப்பனும் சளைக்காமல் குனிந்தார். யாருக்கும் யார் முகமும் தெரியவில்லை. கால்கள்தான் தெரிந்தன. ஒரு கடைக்காரனின் பெருவிரல் பிரம்மநாயகத்தின் விரலைப் போலவே வெளிப்பக்கம் வளைந்திருந்தது. உலகத்தில் ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பார்கள் என்பார்களே, விரலும் அதில் சேர்த்திதான் போலும்.

"உருண்டை தீந்து போச்சே வே" என்றது ஒரு குரல்.

ஆவுடையப்பன் அசந்து போனார். கைடு பெண் சொன்னது எவ்வளவு உண்மை! காது கொடுத்ததும் ஜப்பான் பாஷை அட்சரம் பிசகாமல் புரிகிறது.

"கடைசி வரைக்கும் பொறுமையா நின்ன மனுசனை வெறுங்கையோட அனுப்பக் கூடாது. சட்டியைக் குடுத்திருவோம்" என்றது இன்னொரு குரல்.

"அது ஆவுடையப்பன் சட்டில்லா?"

"கண்ணை விட்டு அகல விடாதேன்னு சொன்னாரு. விக்காதேன்னு சொன்னாரா?"

"அப்படிச் சொல்லல."

"அப்புறம் என்ன? வித்துட்டு, அது போறதைப் பாத்துக்கிட்டே நிப்போம்."

இந்த ஊரிலும் ஓர் ஆவுடையப்பன் இருக்கிறான் போலிருக்கிறது என்று ஆவுடையப்பன் நினைத்தார். நம்பிக் கொடுத்த சட்டியை விற்கிறார்களே, அவன் பெண்டாட்டி என்ன பாடு படுத்தப் போகிறாளோ என்று அந்த முகம் தெரியாத மனிதனுக்காக வருத்தப்பட்டார். ஆனால் குனிந்த தலைக்கு நேராக வந்த சட்டியைப் பார்த்ததும் வருத்தம் பறந்துவிட்டது. பளபளவென்ற எவர்சில்வர். அதில் தமிழிலேயே "உலகம்மாள்" என்று வெட்டியிருந்தது.

சட்டைக்குள் இருந்த அட்டையை உருவி விலையாகக் கொடுத்தார். "நம்ம அட்டை திரும்பி வந்துட்டு வே!" என்று கடைக்காரர்கள் பூரித்துப் போனார்கள். மூவரும் இன்னொரு தடவை குனிந்தார்கள். ஆவுடையப்பன் குனிந்தபடியே பின்வாங்கிச் சந்து முனையைத் தாண்டினார். சட்டியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் போட்டுவிட்டார். உலகம்மாள்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பஸ்ஸில் நண்பர்கள் வெறுங்கையோடு ஏறினார்கள். ஆக்டோபஸ் உருண்டைக் கடைக்காரர்கள் ஓடி வந்து அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அதைவிடப் பெரிய சேதியாக, தூக்குச்சட்டியை ஒரு ஜப்பான்காரனுக்கு விற்றுவிட்டதையும் சொன்னார்கள். ஆவுடையப்பனுக்கு உலகமே இருண்டது. பையைத் தடவிப் பார்த்துத்தான் கொஞ்சம் தேறினார்.

கோணக்குளத்தில் உலகம்மாள் வாசலிலேயே மறித்து நின்றாள். ஆவுடையப்பன் துண்டைப் பிரித்தார். அவள் சட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் காணாத அந்த முகத்தை அன்று கண்டார்.

"என் பேரு அவனுக்கு எப்படிங்க தெரியும்?"

"ஜப்பான்காரனுக்குத் தெரியாதது உண்டா?"

"நம்ம கல்யாணத் தேதியும் போட்டிருக்கானே. அடியில எங்கம்மா சட்டியில உள்ள நசுங்கல் மாதிரியே ஒரு நசுங்கல் வேற. எவ்வளவு நுணுக்கமான வேலை!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆவுடையப்பனுக்கும் கலங்கியது. "சரி, எங்கம்மா சட்டியை எடுங்க. ரெண்டையும் ஜோடியா அலமாரியில வைப்போம்."

ஆவுடையப்பன் நண்பர்களைப் பார்த்தார். நண்பர்கள் தரையைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் பிரம்மநாயகம் நடந்ததைச் சொன்னார்.

"எந்தப் பாவி வாங்கினான்?"

"வரிசையில கடைசியா நின்னவன் தாயி."

"ஆளு எப்படி இருந்தான்?"

"குனிஞ்சுக்கிட்டே வித்ததுல முகத்தைப் பாக்கல. காலைத்தான் பாத்தோம். நம்ம ஊரு வார்ச்செருப்புதான் போட்டிருந்தான்."

"நீங்க எங்க போனீங்க அப்ப?" என்று உலகம்மாள் புருஷனிடம் திரும்பினாள்.

"நான் இருந்தா விட்டிருப்பனா? நான் உனக்காக வரிசையில நின்னுக்கிட்டிருந்தேன்" என்றார் ஆவுடையப்பன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

உலகம்மாள் விடுவிடுவென்று தெருவில் இறங்கினாள். "ஜப்பான் எந்தப் பக்கம்?" என்றாள். பிரம்மநாயகம் கிழக்கே கை காட்டினார். "எங்கம்மா சட்டியைக் கொண்டு போனவன் நாசமாப் போவான்" என்று இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினாள். பெண்டாட்டியைத் தனியே தூற்ற விடலாமா என்று ஆவுடையப்பனும் ஓடிப்போய் அவள் முன்னால் நின்று, "அந்தக் கடைசி ஆளு விளங்கவே மாட்டான்" என்று தன் பங்குக்கு வாரி வாரித் தூற்றினார்.

ஐப்பசி மாதம். கொண்டல் காற்று கிழக்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. அத்தனை மண்ணும் திரும்பி வந்து ஆவுடையப்பன் தலையிலும் வாயிலும் விழுந்தது.

"பாத்தீங்களா, அந்தப் பாவி அங்க இருந்து திருப்பி எறியுதான்" என்றாள் உலகம்மாள்.

"எறியத்தான் செய்வான்" என்றார் ஆவுடையப்பன், கண்ணைக் கசக்கிக்கொண்டு. "மரியாதை தெரிஞ்சவன். எதை வாங்கினாலும் பதிலுக்கு ஒண்ணு குடுக்காம விடமாட்டான்னு கைடு பொண்ணு அப்பவே சொல்லிச்சு."